வாசியில்லாக் காசு

திருச்சிற்றம்பலம்.

   

சித்திரைச் சதயம் நாவரசர் திருநாள். கல்லூரிகளில் இறுதித் தேர்வுகள் நடைபெறும் காலத்தை ஒட்டியே இத்திருநாள் ஆண்டுதோறும் வருகிறது. இத்திருமுன்றிலில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பலர் இன்னும் சில திங்களில் வாழ்க்கையின் முதல் ஊதியத்தைப் பெறவிருப்பவர்கள். அவர்களுக்குச் சொல்லுதற்கென்றே நாவரசர் வரலாற்றில் ஒரு செய்தி இருக்கிறது. அது காசைப் பற்றிய செய்தி.

கோயில் விழாவில் காசைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். பேசலாம். சேக்கிழார் பெருமானே பேசியிருக்கிறார். அவர் சோழப் பேரரசின் அமைச்சராக இருந்தவர். நாட்டின் வரவும் செலவும் அறிந்தவர். ஆதலின், அடியார்களின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தபோது அவர்கள் என்ன பாடினார்கள் என்பதோடு நின்றுவிடவில்லை. என்ன தொழில் செய்தார்கள், எதை உண்டார்கள், வறுமை வந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் மறவாமல் சொன்னார். திருநீலகண்டர் மட்கலம் வனைந்தவர். திருக்குறிப்புத் தொண்டர் ஆடை வெளுத்தவர். அதிபத்தர் வலை வீசியவர். நேசர் துணி நெய்தவர். அமர்நீதியார் துணி விற்றவர். இளையான்குடி மாறனார் ஏர் உழுதவர். இவர்களுள் எவரும் தொழிலை ஒரு புறமும் நெறியை மறு புறமும் வைத்து வாழவில்லை. தொழிலிலேயே நெறியைக் கண்டார்கள். பணிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெரிய புராணத்தைப் போல வழித்துணையாகும் நூல் வேறொன்று தேட வேண்டுவதில்லை.

இனி, அந்தக் காசின் செய்திக்கு வருவோம்.

திருவீழிமிழலையில் நாவரசரும் ஞானசம்பந்தரும் தங்கியிருந்த காலம். மழை பொய்த்தது, நாட்டில் பஞ்சம் புகுந்தது. அடியார்கள் பசியால் வாடினார்கள். இருவர் திருமடங்களிலும் அடியார்க்கு அமுது படைக்கும் பொருட்டு, இறைவன் நாள்தோறும் இருவர்க்கும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். காசை விற்றுப் பண்டம் வாங்கி உணவு சமைக்க வேண்டும். நாவரசர் மடத்தில் உரிய நேரத்தில் உணவு ஆயிற்று. ஞானசம்பந்தர் மடத்தில் காலம் தாழ்ந்தது. காரணம் என்னவென்று பிள்ளையார் வினவினார். 'நாவரசர் பெற்ற காசை வணிகர் உடனே ஏற்றுக் கொள்கின்றனர். நாம் பெற்ற காசுக்கு வாசி கேட்கின்றனர்' என்றனர் மடத்துப் பணியாளர். வாசி என்பது கழிவு. காசின் தரம் குறைவென்று கூறி, மதிப்பில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுப்பது. அதற்கு வழக்காடிப் பண்டம் வாங்குவதற்குள் பொழுது போயிற்று.

கொடுத்த கை ஒன்று. கொடுத்த இடம் ஒன்று. ஆயினும் காசு இரண்டு விதமாக இருந்தது ஏன்? நாவரசர் உழவாரப் படையைக் கையில் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியவர், கைத்தொண்டு செய்தவர். அதனால் அவர் பெற்ற காசு வாசியில்லாக் காசாயிற்று என்று பிள்ளையாரே உணர்ந்தார். பின்னர்ப் பதிகம் பாடித் தாமும் வாசியில்லாக் காசு பெற்றார். இதனால் பிள்ளையாரின் பெருமைக்கு ஒரு குறையும் இல்லை. அவர் வயதால் குழந்தை. மண்வெட்டி பிடிக்கும் பருவமும் அன்று. சேக்கிழார் நமக்குக் கற்பிக்க விரும்பியது உழைப்பின் உயர்வு. உழைத்துப் பெற்ற காசு முழு மதிப்புக்குச் செல்லும். மற்றக் காசுக்கு எங்கோ ஒரு கழிவு உண்டு.

இளைஞர்களே! உங்கள் கைக்கு வரப்போகும் காசில் வாசி உண்டா, இல்லையா? இதுவே இன்று நீங்கள் கேட்டுக் கொள்ள வேண்டிய வினா. 'எவ்வளவு ஊதியம்?' என்று உலகம் உங்களைக் கேட்கும். அந்த வினா தவறானது அன்று. கல்விக் கடன் தலைமேல் இருக்கிறது. தந்தை உழைத்து ஓய்ந்திருக்கிறார். தங்கை படித்துக் கொண்டிருக்கிறாள். ஒரு குடும்பத்தின் முதற் பட்டதாரிக்கு ஊதியம் என்பது வெறும் எண் அன்று. அது அந்தக் குடும்பம் தலைநிமிரும் நாள். ஆதலின், பொருள் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. 'எவ்வளவு?' என்று கேட்ட பிறகு, 'இதில் வாசி எவ்வளவு?' என்றும் கேளுங்கள் என்றே சொல்லுகிறோம். இக்காலத்துக் காசில் மூன்று வகையான வாசி உண்டு.

முதலாவது, கடன் என்னும் வாசி. உழைப்பதற்கு முன்பே செலவழித்த காசு வாசிக் காசு. இன்று முதல் ஊதியம் வந்த திங்களிலேயே, கடன் அட்டை வேண்டுமா என்று தொலைபேசி ஒலிக்கிறது. கைபேசியில் விரலை வைத்தால் சில நிமிடங்களில் கடன் கிடைக்கிறது. வாங்குவது எளிது. ஆயின் கணக்கைப் பாருங்கள். மாதத்திற்கு மூன்றரை விழுக்காடு வட்டி என்று வைத்துக் கொள்வோம். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் 10,000 ரூபாயைத் திருப்பிச் செலுத்தாமல் விட்டால், வட்டிக்கு வட்டி ஏறி, ஓராண்டில் அது 15,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஊர் வட்டிக்காரரைக் கண்டு அஞ்சிய குடும்பத்துப் பிள்ளை, கண்ணாடி மாளிகையில் அமர்ந்து அதே வட்டிக்குத் தலை கொடுப்பதா? அறிவுடைமை ஆகாது.

இதே கணக்கு மறுபுறமும் வேலை செய்யும். இருபத்திரண்டு வயதில் பணிக்குச் சேரும் ஒருவர் திங்கள்தோறும் 2,000 ரூபாய் சேமிக்கிறார் என்று கொள்வோம். ஆண்டுக்கு ஏழு விழுக்காடு வளர்ந்தால், ஐம்பத்திரண்டாம் வயதில் ஏறத்தாழ 24 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கும். அதே சேமிப்பை முப்பத்திரண்டாம் வயதில் தொடங்கினால், ஐம்பத்திரண்டில் இருப்பது ஏறத்தாழ பத்து லட்சம்தான். தொடங்காத பத்து ஆண்டுகளில் கட்டாமல் விட்ட தொகை இரண்டரை லட்சத்திற்கும் குறைவு. இழந்ததோ பதினான்கு லட்சம். வருங்கால வைப்பு நிதிக்காக ஊதியத்தில் பிடிப்பதைக் கண்டு 'பணம் பிடித்து விட்டார்களே' என்று வருந்தும் பிள்ளைகள் உண்டு. அது பிடித்தம் அன்று. முதுமைக்கு இளமை அனுப்பும் சோறு. வேலை மாறுந்தோறும் அதை எடுத்துச் செலவழிப்பது, இன்று பசி இல்லாதபோதே விதைநெல்லைச் சமைப்பதாகும்.

இரண்டாவது, உடல் என்னும் வாசி. உழைப்பை உயர்வென்று சொல்லிவிட்டு, உழைப்புக்கு எல்லை சொல்வது முரண் ஆகாதோ? ஆகாது. 2021-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்திற்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்க்கு மூளையில் குருதிக்குழாய் அடைத்தோ வெடித்தோ வரும் வாதநோய்க்கான வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி. இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு மிகுதி. நீண்ட நேர உழைப்பால் 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,45,000 பேர் இத்தகைய நோய்களால் இறந்தனர் என்று அவ்வாய்வு கணித்தது. இந்த இறப்பு பெரும்பாலும் உடனே வருவதில்லை; ஆண்டுகள் பல கழிந்து முதுமையில் வருகிறது. அதனால்தான் இளைஞர் இதை அறிவதில்லை. இருபத்தைந்து வயதில் இரவெல்லாம் விழித்துச் சம்பாதித்ததை ஐம்பது வயதில் மருத்துவமனை வாசலில் எண்ணி வைப்பது வாசி கொடுப்பதுதானே!

எட்டு மணி நேர வேலை என்பது எவரோ இரங்கிக் கொடுத்த சலுகை அன்று. உழைப்பவர் போராடிப் பெற்றது. 1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று ஆலைத்தொழிலுக்கு எல்லை வகுத்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1918-இல், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதைக் கட்டி வளர்த்தவர்களுள் ஒருவர் திரு.வி.கலியாணசுந்தரனார். அவர் யார்? சைவ நூல்களில் தோய்ந்த தமிழறிஞர். முருகனின் அழகைப் பற்றி நூல் எழுதியவர். திருமுறையை ஓதிய நா ஆலை வாயிலிலும் பேசியது. நம் காலத்திலும், 2023 ஏப்ரல் திங்களில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்ப்பு எழுந்தது. மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்படும் செய்தி வந்தது. ஒப்பந்தப்படி உழைக்கும் நேரத்தில் ஒரு நொடியையும் திருடாதீர்கள். அதற்கு அப்பாற்பட்ட நேரத்தை எவர்க்கும் அஞ்சிக் கொடுத்துவிடாதீர்கள். முன்னது நேர்மை, பின்னது தன்மானம். இரண்டும் சேர்ந்ததே உழைப்பறம்.

மூன்றாவது வாசி மிகக் கொடியது. அது பிறர் கண்ணீர் என்னும் வாசி. எழுத்தறியாத ஒரு மூதாட்டி, கணவர் விட்டுச் சென்ற பணத்தை வைப்புத் தொகையாக வைக்க வருகிறார். 'இதுவும் வைப்புத் தொகைதான் பாட்டி' என்று சொல்லி, ஆண்டுதோறும் கட்ட வேண்டிய காப்பீட்டுப் படிவத்தில் கைந்நாட்டு வாங்கும்படி ஓர் இளைஞர்க்கு மேலதிகாரி சொல்லுகிறார். இந்தத் திங்களின் இலக்கு நிறைவேற வேண்டுமாம். நிறைவேறினால் ஊக்கத்தொகை, இல்லையேல் வேலை ஐயத்திற்குரியது. அந்த இளைஞர் என்ன செய்ய வேண்டும்? பயிற்சி வகுப்புகள் அவருக்குப் பேசக் கற்றுக் கொடுத்தன. பேசாமல் நிற்க எவரும் கற்றுக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு பணம் கட்ட இயலாமல், போட்டதில் பெரும்பகுதியை இழந்து அந்தப் பாட்டி அழும்போது, இளைஞரின் ஊக்கத்தொகை வாசிக் காசாகிறது. வணிகர் அறியமாட்டார், மனம் அறியும்.

திருக்குறிப்புத் தொண்டரை நினையுங்கள். காஞ்சி மாநகரில் அடியார் ஒருவர் தம் கந்தையை வெளுக்கக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தருவதாக ஒப்புக் கொண்டார் தொண்டர். துவைத்தார், மழை பிடித்துக் கொண்டது, நின்றபாடில்லை. கற்பாறையில் தம் தலையையே மோதிக் கொள்ளத் துணிந்தார். எதற்காக? கூலி போய்விடும் என்றா? மேலதிகாரி சினப்பார் என்றா? குளிரில் ஓர் உடம்பு நடுங்குமே என்பதற்காக. தம் வேலை போய்ச் சேரும் இடத்தில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று அவர் மறக்கவில்லை. நீங்கள் எழுதும் மென்பொருளின் மறுமுனையில் ஒருவர் ஓய்வூதியத்திற்காகக் காத்திருக்கிறார். நீங்கள் முடுக்கும் திருகாணியை நம்பி ஒரு குடும்பம் மகிழுந்தில் ஏறுகிறது. நீங்கள் எடுத்துக் கொடுக்கும் மருந்தை நம்பி ஒரு தாய் தன் குழந்தைக்கு ஊட்டுகிறாள். அந்த முகத்தை நினைத்து வேலை செய்வதே வழிபாடு.

இம்மூன்று வாசியும் புகாமல் காப்பது எப்படி? அதற்கு அதிபத்தர் வழிகாட்டுகிறார். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவர் அவர். வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றை நாள்தோறும் இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பல மீன் பட்ட காலத்தில் அது எளிது. ஒரு காலம் வந்தது. நாளுக்கு ஒரே மீன்தான் பட்டது. அதையும் விட்டார், வறுமை சூழ்ந்தது, உடல் தளர்ந்தது. பிறகு ஒரு நாள், பொன்னும் மணியுமாய் ஒளிரும் மீன் ஒன்று வலையில் வந்தது. உடனிருந்தவர்கள் வியந்து ஆரவாரித்தார்கள். அன்று பட்டதும் அது ஒன்றே. அதையும் அவர் கடலில் விட்டார்.

வறுமையில் நெறி காப்பது அரிது. பெருஞ்செல்வம் கையில் வந்து விழும்போது காப்பது அதனினும் அரிது. இரண்டிலும் அதிபத்தர் தோற்கவில்லை. ஏன்? வலையை இழுத்த பிறகு அவர் முடிவு செய்யவில்லை. வலை வீசுவதற்கு முன்பே முடிவு செய்திருந்தார். 'இப்போது ஊதியம் குறைவு, கூடியபின் கொடுப்போம், கூடியபின் சேமிப்போம், கூடியபின் பெற்றோரைப் பார்ப்போம்' என்று தள்ளிப் போடுகிறவர்க்கு ஊதியம் கூடும், அந்தப் 'பின்' மட்டும் வருவதில்லை. எவரையும் பட்டினி கிடக்க நாம் சொல்லவில்லை. ஊதியம் கைக்கு வருவதற்கு முன்பே, எது முதலில் என்பதை முடிவு செய்துவிடுங்கள் என்று சொல்லுகிறோம். பங்கு சிறியதாயினும் ஆகுக; முறை மாறாதிருக்கட்டும்.

இங்கே நங்கையர்க்கு ஒரு சொல். இந்தியாவின் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் உழைப்பதாக 2019-20-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரைக் கடந்து திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் செல்லும் ஆலைப் பேருந்துகளில் அமர்ந்திருக்கும் பெண் பிள்ளைகளைப் பாருங்கள். விடுதியில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் தங்கி, தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்பும் பெண்கள் பலர். மகளே! குடும்பத்திற்குக் கொடு, மகிழ்ந்து கொடு. ஆயின் உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். அதன் கடவுச்சொல் உன்னிடமே இருக்கட்டும். உன் உழைப்பின் காசுக்கு நீயே முதல் உரியவள். உரிமையோடு கொடுப்பதுதான் கொடை. பறிபோவது கொடை ஆகாது.

இதுகாறும் இளையோர்க்குச் சொன்னோம். பெற்றோர்க்கும் உற்றோர்க்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதுவே இன்று நாம் சொல்லுவனவற்றுள் தலையாயது. முதல் திங்கள் முடிந்து பிள்ளை ஊருக்கு வருகிறான். திண்ணையில் இருப்பவர் முதலில் கேட்பது என்ன? 'கையில் எவ்வளவு வருகிறது?' பெண் பார்க்கும் வீட்டில் கேட்பது என்ன? 'மாப்பிள்ளைக்கு என்ன ஊதியம்? வெளிநாடு போவாரா?' எவரேனும், 'மனச்சாட்சிக்கு மாறாக எதுவும் செய்யச் சொல்லுகிறார்களா தம்பி? இரவில் உறங்குகிறாயா?' என்று கேட்டதுண்டா? கேட்கும் வினாவைப் பொறுத்தே பிள்ளையின் மதிப்பீடு அமையும். ஊதியத்தையே கேட்கும் ஊரில் ஊதியத்தையே தேடும் பிள்ளைகள்தாம் வளர்வார்கள். அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை.

அந்தக் காப்பீட்டுப் படிவத்தோடு நிற்கும் இளைஞரை மீண்டும் நினையுங்கள். 'இதைச் செய்யமாட்டேன்' என்று சொல்ல அவருக்கு விருப்பம் உண்டு. சொல்லவிடாமல் தடுப்பது எது? வேலை போனால் வீட்டில் எப்படி முகம் காட்டுவது என்ற அச்சம். மேலதிகாரிக்கு அஞ்சுவதைவிட வீட்டுக்கே மிகுதியாக அஞ்சுகிறார்! ஆதலின் பெற்றோர்களே, பிள்ளை பணிக்குப் புறப்படும் நாளில் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். 'நேர்மைக்காக வேலையை இழந்து வந்தால் இந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். நாம் இருப்பதைப் பகிர்ந்து உண்போம்.' இந்த ஒரு சொல் இருந்தால் உங்கள் பிள்ளை எந்த அலுவலகத்திலும் தலைநிமிர்ந்து நிற்பான். இச்சொல் இல்லையேல், நாம் மேடையில் ஆயிரம் அறம் சொன்னாலும் அது காற்றோடு போகும். இளைஞர்களும் ஆத்திரத்தில் வேலையை எறிந்துவிட வேண்டா. தவறான தாளில் கையெழுத்திட மறுத்திடுங்கள். மறுத்ததை எழுத்தில் வையுங்கள். வேறு வேலையைத் தேடிக் கொண்டே அங்கிருந்து வெளியேறுங்கள். அறத்திற்கு அறிவும் துணை வேண்டும்.

முதல் ஊதிய நாளில் செய்ய வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்லி நிறைவு செய்வோம். தாய் தந்தையர் கையில் ஒரு பகுதியை வையுங்கள்; தொகை பெரிதாக வேண்டுவதில்லை, உங்கள் கையால் கொடுப்பதே பெரிது. செலவுக்கு முன்னரே ஒரு பகுதியைச் சேமிப்பில் இடுங்கள். ஒரு சிறு பகுதியை உங்களினும் எளியவர்க்கென்று ஒதுக்குங்கள். நீங்கள் படித்த பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் போதும். கல்விக் கடனின் தவணையைத் தவறாதீர்கள். அந்தக் கடன் வங்கிக்கு மட்டும் பட்டது அன்று, உங்களுக்குப் பின்னால் கடன் கேட்டு நிற்கும் ஏழைப் பிள்ளைக்கும் பட்டது. எஞ்சியதில் மகிழ்ச்சியோடு வாழுங்கள், நல்ல உடை உடுத்துங்கள், நண்பர்களோடு உண்ணுங்கள். வாசி கொடுத்தபின் எஞ்சும் பெருந்தொகையைவிட, வாசியில்லாமல் வரும் சிறுதொகை நெடுநாள் நிற்கும்.

எண்பது வயதைக் கடந்த பின்னும் உழவாரத்தைத் தோளிலிருந்து இறக்காதவர் நாவரசர். திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய இடத்திலெல்லாம் பொன்னும் மணியும் மின்னின. கல்லோடு கல்லாக அவற்றையும் வாரி எறிந்துவிட்டு, பணியைத் தொடர்ந்து செய்தார். அவருக்கு எது முதல், எது பின் என்பதில் ஐயமே இருக்கவில்லை. அந்தத் தெளிவு நம் பிள்ளைகளுக்கும் வாய்க்க வேண்டும். அவர்கள் கையில் வாசியில்லாக் காசும், முகத்தில் வாடாத நகையும் நிலைக்கத் திருவருள் துணை நிற்பதாக!

திருச்சிற்றம்பலம்.